ரீஃபண்ட் மாதங்களில் பாத்திரம் விற்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு வீடாகப் போய்ச் சமைத்துக் காட்டிப் பாத்திரம் விற்பது பழைய தொழில். 1946இல் டாலஸில் தொடங்கிய சாலட்மாஸ்டர், 1980இல் வந்த பாம்பர்ட் செஃப் என்று இதில் பெயர் சொல்லும் நிறுவனங்கள் பல. இந்தத் தொழிலில் இருக்கும் தமிழர்களும் குறைவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மக்கள் கையில் வரி ரீஃபண்ட் வரும் நேரமாயிற்றே, அதை எப்படிப் பிடிப்பது?" அதையொட்டி வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. நான் கண்டது அமெரிக்கச் சந்தை மட்டுமே. வேறு நாட்டு விதிகள் வேறு.

ரீஃபண்ட் பணம் உண்மையில் எப்போது கைக்கு வருகிறது?

பலர் நினைப்பதைவிடத் தாமதமாக. ஆண்டுச் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவம் சம்பளக்காரருக்கு ஜனவரி 31க்குள் வர வேண்டும். வரித்துறையான ஐ.ஆர்.எஸ். ஜனவரி கடைசியில்தான் வரிப் படிவங்களை வாங்கக் கதவைத் திறக்கிறது. 2025இல் அது ஜனவரி 27. மின்வழியாகத் தாக்கல் செய்து நேரடியாக வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு 21 நாளுக்குள் வந்துவிடும்.

ஆனால் பெரிய தொகை வாங்குகிற குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உழைப்பு வருமான வரிச் சலுகையையோ கூடுதல் குழந்தை வரிச் சலுகையையோ கோரியவர்களின் ரீஃபண்டைப் பிப்ரவரி நடுவுக்கு முன் விடுவிக்கக் கூடாது என்று 2015இல் சட்டம் வந்தது. மோசடிக் கோரிக்கைகளைச் சரிபார்க்க அவகாசம் வேண்டும் என்பது காரணம். அவர்கள் கணக்கில் பணம் ஏறுவது பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரம்.

ஆகவே ஜனவரியிலேயே "ரீஃபண்ட் சலுகை" என்று நோட்டீஸ் அடிப்பது காசுக்குப் பிடித்த கேடு. பிப்ரவரியில் டெமோ நடத்துங்கள், மார்ச்சில் ஆர்டர் எடுங்கள். இடையில் வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்யாதீர்கள். தாக்கல் செய்தவர் தன் பணம் எங்கே நிற்கிறது என்று ஐ.ஆர்.எஸ். தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தகவல் நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும் என்பதால், "வந்துவிட்டதா?" என்று நீங்கள் காலையிலும் மாலையிலும் கேட்பதில் பயனும் இல்லை, மரியாதையும் இல்லை.

எல்லோருக்கும் ரீஃபண்ட் வருமா? சராசரி எவ்வளவு?

சராசரி 3,000 டாலருக்குச் சற்று மேல். ஒரு முழு செட்டின் விலையும் சில ஆயிரம் டாலர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் விற்பனையாளருக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. பிழையே அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பணம் பரிசு அல்ல. பலருக்கு அது மாதாமாதம் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த தொகை, வட்டியில்லாமல் திரும்ப வருகிறது. மூன்று குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு 2025ஆம் வரி ஆண்டில் உழைப்பு வருமானச் சலுகை அதிகபட்சம் 8,046 டாலர். அந்த உச்சத் தொகையை வாங்குகிற வீட்டில் கார் பழுது, பாக்கி வாடகை, கிரெடிட் கார்டு நிலுவை எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கும். ரீஃபண்ட் பெரியதாக இருக்கும் வீடு வசதியான வீடு என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் நிலைமை நேர்மாறு.

நம் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பங்குகளையும் சம்பளமாக வாங்குகிறவருக்கு, அந்தப் பங்கு வருமானத்தில் பொதுவாக 22 சதவீதம்தான் வரியாகப் பிடிக்கிறார்கள். அவர் உண்மையில் கட்ட வேண்டிய விகிதம் அதைவிட அதிகம். வரிக் கெடுவான ஏப்ரல் 15 அவருக்குப் பணம் கட்டும் நாள். "ரீஃபண்ட் வந்திருக்குமே!" என்று அவரிடம் சிரித்துக்கொண்டே போனால் என்ன முகம் காட்டுவார் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

அப்படியானால் விளம்பரத்தில் என்ன எழுதலாம்?

"இலவசப் பணம்", "அரசு தரும் போனஸ்", "ரீஃபண்ட் முடிவதற்குள் வாங்குங்கள்" மூன்றையும் தள்ளிவிடுங்கள். முதல் இரண்டும் பொய். மூன்றாவது, பணம் எப்படியும் கரையும், என்னிடமே கரையட்டும் என்று சொல்வதற்குச் சமம்.

சிலர் நோட்டீஸை அரசுக் காசோலை போலவே அச்சடித்து, கருவூலத் துறையின் முத்திரையையும் ஒட்டிவிடுகிறார்கள். கருவூலத் துறை, ஐ.ஆர்.எஸ். ஆகியவற்றின் பெயரையோ சின்னத்தையோ அரசின் ஒப்புதல் இருப்பதுபோலத் தோன்றும்படி பயன்படுத்துவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நகைச்சுவைக்காகச் செய்தோம் என்ற சமாதானம் எடுபடாது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "இந்த மார்ச்சில் ஒரே ஒரு நல்ல கடாய் வாங்க எண்ணமிருந்தால், உங்கள் அடுப்பிலேயே சமைத்துக் காட்டுகிறேன். பிடித்தால் வாங்குங்கள். செட் வாங்கச் சொல்ல மாட்டேன்." முழுசெட் விற்றால் வரும் கமிஷன் ஒரு கடாயில் வராதுதான். ஆனால் ஒரு கடாய் வாங்கி இரண்டு வருடம் உழைத்தது என்று கண்டவர், அடுத்ததை வாங்குவதற்கு நீங்கள் நோட்டீஸ் அடிக்க வேண்டியதில்லை.

டெமோவில் எதைச் சமைத்துக் காட்டுவது?

நிறுவனம் கொடுக்கும் பட்டியலில் காரட், பிராக்கலி, கோழி, அடுப்பின் மேலேயே வேகும் கேக் இருக்கும். தண்ணீர் ஊற்றாமல் காய்கறியை அதன் ஈரத்திலேயே வேகவைத்து, மூடியைச் சுண்டிவிட்டு அது நீராவி மேல் வழுக்கிச் சுற்றுவதைக் காட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ் வீட்டில் உப்பு மட்டும் போட்ட பிராக்கலியை ஒரு துண்டு கடித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று தட்டை ஓரமாக வைத்துவிடுவார்கள். விற்பனையும் அந்த ஓரத்திலேயே நின்றுவிடும்.

அவர்கள் மனதில் ஓடும் கேள்விகள் வேறு. பால் அடிப்பிடிக்குமா? புளிக்குழம்பு வைத்தால் கறுக்குமா? தாளித்தால் கடுகு கருகுமா? இவற்றுக்கு அடுப்பில் பதில் சொல்லுங்கள். வெறும் கடாயை மிதமான தீயில் வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளியுங்கள். அது சுர்ரென்று ஆவியானால் சூடு போதாது. உடையாமல் முத்தாக உருண்டு ஓடினால் பதம் வந்துவிட்டது. தீயைக் கொஞ்சம் தணித்து எண்ணெய் ஊற்றி, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை போடுங்கள். கனமான அடிப்பாகத்தில் சூடு சீராகப் பரவுவதால் உளுத்தம்பருப்பு ஒரே நிறத்தில் சிவக்கும். அதைப் பார்த்ததும் அந்த வீட்டு அம்மா நாற்காலியை விட்டு எழுந்து அடுப்படிக்கு வந்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் பேசவே வேண்டியதில்லை.

குறைகளையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அப்படியே விட்டால் எவர்சில்வர் அடியில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். தண்ணீர் கொதித்த பிறகுதான் உப்பு. தீ அதிகமானால் வானவில் போல நிறம் படியும். வினிகர் விட்டுத் துடைத்தால் போய்விடும். தோசை? எவர்சில்வரில் தோசை வார்ப்பேன் என்று தயவுசெய்து சவால் விடாதீர்கள். அவர்கள் ஊரிலிருந்து பெட்டியில் சுமந்து வந்த இரும்புக் கல்லை உங்களால் வெல்ல முடியாது, வெல்லவும் வேண்டாம்.

பேக்கிங் சோடா சோதனை செய்யலாமா?

வாடிக்கையாளரின் பழைய பாத்திரத்திலும் உங்கள் பாத்திரத்திலும் சோடா கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரண்டையும் சுவைக்கச் சொல்லி, "பார்த்தீர்களா, உலோகம் கரைகிறது" என்று பயமுறுத்தும் வழக்கம் இந்தத் தொழிலில் நெடுநாளாக இருக்கிறது. அலுமினியம் காரத்தன்மையுள்ள கரைசலில் கரையும். அது பள்ளிக்கூட வேதியியல். ஆனால் சோடாக் கரைசலில் யார் சாம்பார் வைக்கிறார்கள்? சாம்பாரில் இருப்பது புளி, அது அமிலம். அலுமினியம் பற்றிப் பேச வேண்டுமானால் புளியை வைத்துப் பேசுங்கள். இந்தச் சோதனை வெறும் நாடகம். அந்த வீட்டில் ஒரு வேதியியல் பட்டதாரி இருந்தால் அன்றைய மாலை போயிற்று. தமிழ் வீடுகளில் அது நடக்கக்கூடியதுதான்.

நான்-ஸ்டிக் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டால்?

தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருளை அமெரிக்காவின் பெரிய உற்பத்தியாளர்கள் 2015க்குள் கைவிட ஒப்புக்கொண்டு, கைவிட்டார்கள். மினசோட்டா மாநிலம் ஒருபடி மேலே போய், அந்த வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த எதையும் வேண்டுமென்றே சேர்த்துச் செய்த சமையல் பாத்திரங்களை விற்பதற்கு 2025 ஜனவரி 1 முதல் தடை போட்டிருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பட்டியலில் பூச்சுப் பாத்திரம் இருந்து, வாங்குபவர் மினசோட்டாவில் இருந்தால், இது உங்கள் பிரச்சினை.

"இதில் சமைத்தால் சர்க்கரை நோய் குறையும், புற்றுநோய் வராது" என்றெல்லாம் சொல்வதற்கு எந்த விற்பனையாளருக்கும் உரிமை இல்லை. நிறுவனம் சொல்லிக்கொடுத்தது என்றாலும், அதைச் சொல்லி விற்றவர் நீங்கள்தான்.

ரீஃபண்ட் வருவதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாமா?

சட்டம் தடுக்கவில்லை, நான் தடுக்கிறேன். தாக்கல் செய்த படிவத்தில் 2,800 டாலர் என்று இருந்தால் 2,800 வரும் என்று உறுதியில்லை. பிள்ளைகளுக்கான ஜீவனாம்ச பாக்கி, மாநில வரி நிலுவை, கூட்டாட்சி அரசுக்குச் செலுத்த வேண்டிய கடன் இருந்தால் கருவூலத் துறை அதைக் கழித்துக்கொண்டுதான் அனுப்பும். அடையாளச் சரிபார்ப்புக் கடிதம் வந்தால் வாரக்கணக்கில் நிற்கும். வராத பணத்தை நம்பிப் பின்தேதிக் காசோலை வாங்கி வைப்பது இரண்டு பேருக்கும் தலைவலி.

ரீஃபண்டை அடகு வைத்து முன்பணம் தரும் வரித் தயாரிப்புக் கடைகள் இந்த மாதங்களில் தெருவுக்குத் தெரு இருக்கும். பாத்திரம் வாங்குவதற்காக அங்கே போகச் சொல்லாதீர்கள். நிறுவனமே தவணை தருகிறது என்றால், மாதத் தவணையை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. ஆண்டு வட்டி விகிதம், மொத்த வட்டி, கடைசியில் கட்டி முடிக்கும் தொகை எல்லாம் எழுத்தில் காட்டியாக வேண்டும். "மாதம் 90 டாலர்தான்" என்ற வாசகத்தைவிடக் குடும்பச் சண்டையை வேகமாக மூட்டும் வாசகம் ஒன்றுமில்லை.

வாங்கியவர் மறுநாள் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதிப்படி, வாங்குபவரின் வீட்டில் வைத்து 25 டாலர் அல்லது அதற்கு மேல் விற்றால், மூன்றாம் வேலைநாள் நள்ளிரவு வரை அவர் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். தமிழ்ச் சங்க விழாவிலோ ஹோட்டல் அரங்கிலோ தற்காலிகமாக மேசை போட்டு விற்றால் வரம்பு 130 டாலர். சனிக்கிழமை வேலைநாள் கணக்கில் சேரும். ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறைகளும் சேராது. வெள்ளி மாலை கையெழுத்தானால் செவ்வாய் நள்ளிரவு வரை அவருக்கு உரிமை உண்டு. பிப்ரவரி மூன்றாம் திங்கள் அதிபர்கள் தினம் என்பதால், அதற்கு முந்தைய வெள்ளியன்று விற்றது புதன் வரை போகும். ரத்து செய்தால் பத்து வேலைநாளுக்குள் பணம் திரும்ப வேண்டும்.

இந்த உரிமையை வாயாலும் சொல்ல வேண்டும். ரத்துப் படிவத்தின் இரண்டு நகல்களையும் ஒப்பந்தத்தோடு கொடுக்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: ஒப்பந்தமும் ரத்து அறிவிப்பும், நீங்கள் முக்கியமாகப் பேசி விற்ற மொழியிலேயே இருக்க வேண்டும். விதியில் ஸ்பானிஷ் உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் அது ஸ்பானிஷுக்கு மட்டுமல்ல. இரண்டு மணி நேரம் தமிழில் பேசி விற்றுவிட்டு ஆங்கிலத் தாளில் மட்டும் கையெழுத்து வாங்குகிறவர்கள், நிறுவனத்திடம் தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குங்கள். "அப்படி ஒன்று இல்லை" என்பார்கள். எழுதிக் கேளுங்கள்.

முழுக்க இணையத்திலோ தொலைபேசியிலோ முடிந்த விற்பனைக்கு இந்த விதி பொருந்தாது. சில மாநிலங்கள் இன்னும் அதிக அவகாசம் தருகின்றன.

நான் ஹெச்-4 விசாவில் இருக்கிறேன். கமிஷன் வாங்கலாமா?

ஹெச்-4 என்பது ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசா. வேலை அனுமதி அட்டை இல்லையென்றால் கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் கிடையாது. துணைவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருப்பது போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட ஹெச்-4காரர்களுக்கு 2015 முதல் அந்த அட்டை கிடைக்கிறது. அட்டை கையில் இருந்தால் தாராளமாகத் தொழில் செய்யலாம். ஹெச்-1பி வைத்திருப்பவர் அவரை அழைத்த நிறுவனத்துக்கு மட்டுமே உழைக்க முடியும். வார இறுதியில் பாத்திரம் விற்பதும் வேலைதான். எஃப்-1 மாணவருக்கும் இதே எச்சரிக்கை.

உங்களைச் சேர்த்துவிடுகிறவர் சொல்லும் உபாயங்கள் எனக்குத் தெரியும். "நண்பர் பெயரில் கணக்குத் திறந்துகொள்." "கமிஷனைப் பொருளாக வாங்கிக்கொள்." "இது சுயதொழில், வேலை இல்லை." பொருளாக வாங்கினாலும் அது ஊதியம்தான். அடுத்தவர் பெயரில் கணக்கு வைத்தால் வரியிலும் பொய், விசாவிலும் பொய். கிரீன் கார்டு மனுவில் அங்கீகாரமில்லாமல் வேலை செய்தீர்களா என்று கேள்வி வரும். அன்றைக்கு உங்களைச் சேர்த்துவிட்ட அந்த மேல்வரிசைக்காரர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

ரீஃபண்ட் பணத்தைப் போட்டுத் தொழிலில் சேரும்படி மற்றவர்களை அழைக்கச் சொல்கிறார்கள். அழைக்கலாமா?

நான் அழைக்க மாட்டேன். வர்த்தக ஆணைய ஊழியர்கள் 2024 செப்டம்பரில், ஆள் சேர்த்து விற்கும் 70 பலநிலை விற்பனை (எம்.எல்.எம்.) நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ந்தார்கள். பெரும்பாலான பங்கேற்பாளர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்குக் குறைவோ. மாதத்துக்கு 84 டாலர்கூட இல்லை. அதிலும் பல அறிக்கைகள் செலவைக் கழிக்காமல் போட்ட கணக்கு. பாத்திரம் விற்பது வியாபாரம். ஆள் சேர்ப்பதை மட்டும் நம்பி ஓடுவது வேறு சங்கதி. யாருடைய ரீஃபண்டையும் அதற்குக் கேட்காதீர்கள்.

ஏற்கெனவே சரக்கு வாங்கிக் குவித்துவிட்டவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் நிறுவனம் அமெரிக்க நேரடி விற்பனைச் சங்கத்தின் உறுப்பினர் என்றால், நீங்கள் விலகும்போது, முந்தைய 12 மாதங்களில் வாங்கி, விற்கும் நிலையில் இருக்கும் சரக்கைக் குறைந்தது 90 சதவீத விலைக்குத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் நெறிமுறை.

வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் விளம்பரம் அனுப்பலாமா?

தெரிந்தவர், சரி என்று சொன்னவர் என்றால் அனுப்புங்கள். கோயில் குழுவிலிருந்து எண்களை அள்ளிக்கொண்டு, தானியங்கி முறையில் மொத்தமாகக் குறுஞ்செய்தி விடுவது வம்பை விலைக்கு வாங்குவது: தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு செய்திக்கு 500 டாலர், வேண்டுமென்றே செய்ததாக நிரூபணமானால் 1,500 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். அழைப்பது காலை 8 முதல் இரவு 9க்குள், அவர் ஊர் நேரப்படி. நியூ ஜெர்சியிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு அழைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கதவைத் தட்டி விற்க அனுமதி வேண்டுமா?

பல ஊர்களில் வேண்டும். நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அழைப்பின் பேரில் போய் டெமோ நடத்தினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

என் சொந்த வரிக்கணக்கு என்னவாகும்?

நேரடி விற்பனையாளரை ஐ.ஆர்.எஸ். சுயதொழிலராகவே பார்க்கிறது. கமிஷனில் யாரும் வரி பிடிக்க மாட்டார்கள். செலவு போக ஆண்டில் 400 டாலர் தேறினாலே சுயதொழில் வரியும் கணக்கிட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வரி விகிதம் 15.3 சதவீதம், வருமான வரி அதற்கு மேல் தனி. தொகை பெரிதானால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையாக முன்வரி கட்ட வேண்டும். மார்ச்சில் நல்ல விற்பனை கண்டு ஆகஸ்டுக்குள் செலவழித்துவிட்டு, அடுத்த ஏப்ரலில் விழிப்பவர்கள் உண்டு. கமிஷன் வந்த அன்றே கால் பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

செலவுகளையும் விடாதீர்கள். டெமோவுக்குக் கார் ஓட்டிய தூரத்துக்கு 2025இல் மைலுக்கு 70 சென்ட் கழிக்கலாம். ஆனால் தேதி, இடம், மைல் எழுதிய குறிப்பு வேண்டும். டெமோவுக்கு வாங்கிய காய்கறி, எண்ணெய், நோட்டீஸ் அச்சுக் கூலி எல்லாம் சேரும். டெமோ கடாயில் தினமும் வீட்டுச் சமையலும் நடக்கிறது என்றால் அதன் முழு விலையையும் தொழில் செலவாகக் காட்டக் கூடாது.

ஏப்ரல் 15க்குப் பிறகு கடையை மூடிவிட வேண்டியதுதானா?

ஏப்ரல் 14 வாக்கில் சித்திரை பிறக்கிறது. மறுநாள் வரிக் கெடு. புத்தாண்டுச் சமையலை ஒட்டி ஒரு டெமோ வைப்பதானால், வரி கட்ட வேண்டியவர்களைத் தவிர்த்துவிட்டு அழையுங்கள். மே, ஜூனில் பட்டமளிப்பும் கல்லூரி விடுதியைவிட்டுத் தனி வீடு போகும் பிள்ளைகளும். அவர்களுக்கு வேண்டியது ஒரு சின்னக் கடாய், மூடியோடு ஒரு பாத்திரம், அவ்வளவுதான்.

மார்ச்சில் விற்றவர்களிடம் ஏப்ரல் கடைசியில் ஒருமுறை போய் வாருங்கள். கையில் ஒரு திருப்புளி இருக்கட்டும். புதுப் பாத்திரத்தின் கைப்பிடித் திருகு பத்து முறை கழுவியதும் தளரும். யாரும் அதைச் சொல்ல அழைக்க மாட்டார்கள், ஆடும் கைப்பிடியோடு பாத்திரம் அலமாரிக்குப் போய்விடும். நீங்களே முடுக்கிக் கொடுத்துவிட்டு, காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு ஆர்டர் தாளை வெளியே எடுக்க வேண்டாம்.